தேவகிருபை சோதித்த இரண்டு கேமராக்கள்

தேவகிருபை அக்காவின் மேஜை வடக்கு ஜன்னலோரம் இருந்தது. சாயம் ஏற்றி முடித்த தோல்கள் கட்டுக்கட்டாக அங்கே வந்து இறங்கும். அவர் ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவி, ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்ப்பார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், நரம்பு ஓடிய தடம், சாயம் ஏறாத திட்டு எல்லாம் அந்த ஒரு சாய்ப்பில் அவருக்குத் தெரிந்துவிடும். தரம் பிரித்து மூன்று அடுக்காகப் போடுவார். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இந்த வேலையை ஆண்கள்தான் செய்வார்கள். எங்கள் கம்பெனியில் பொம்பளை செலக்டர் அவர் ஒருத்தர்தான்.

என் பெயர் கெசியா. 2003-இல் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்ஷனில் சேர்ந்தேன். இன்வாய்ஸ் அடிப்பது, வெளிநாட்டுக்கு மெயில் அனுப்புவது என் வேலை. மதியம் சாப்பாட்டுக்கு அக்கா என் ரூமுக்கு வருவார். அங்கே ஒரு ஃபேன் ஒழுங்காக ஓடும், அதனால்தான். அப்படிப் பழகினோம்.

அவர் 1992-இல் பேக்கிங்கில் சேர்ந்தவர். பேரணாம்பட்டு பக்கம் சொந்த ஊர், பத்தாவது வரை படிப்பு. நான்கு வருடம் தோலை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஜெர்மனிக்குப் போக வேண்டிய முந்நூறு தோலைக் கட்டும்போது, "இது ரெண்டு ஷேடு சார். நூறு தோலுக்கு மேல வேற மாதிரி இருக்குது" என்றாராம். செலக்டர்கள் சிரித்தார்கள். டியூப்லைட்டில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. சரக்கு போனது, இரண்டு மாதத்தில் திரும்பியும் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு தோலைத் தனியாகப் பிரித்து, இவை வேறு ஷேடு என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். முதலாளி அவரைக் கூப்பிட்டு ஜன்னலோர மேஜையில் நிறுத்திவிட்டார். அந்தக் கதையை அக்கா எனக்குச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அவர் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜ் அதே முதலாளியின் ஷூ யூனிட்டில் கட்டிங்கில் இருந்தார். ஒரே மகள் ஃபீபி வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் கம்பெனி. அதைத் தவிர அவர்களுக்கு வேறு போக்கிடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

2005 ஜூன் மாதம் கேமரா வந்தது.

அதுவரை தோலில் ஏதாவது குறை இருந்தால் ஒரு துண்டை வெட்டி கூரியரில் அனுப்புவோம். ஜெர்மனிக்காரர்கள் அதற்கெல்லாம் நேரமில்லை, போட்டோ எடுத்து மெயிலில் அனுப்புங்கள் என்று எழுதிவிட்டார்கள். சென்னையில் இருந்த ஒரு டீலர் இரண்டு சின்ன டிஜிட்டல் கேமராக்களை ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். இரண்டுமே விலை கம்மியான ரகம். ஒன்று வெள்ளி நிறம், நான்கு மெகாபிக்சல், இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். இன்னொன்று கருப்பு, ஐந்து மெகாபிக்சல், சார்ஜ் ஏற்றுகிற தட்டை பேட்டரி, ஆயிரம் ரூபாய் ஜாஸ்தி.

நிர்வாக மேனேஜர் ரத்தினசாமி சார் அக்காவைக் கூப்பிட்டார்.

"தேவகிருபை, ரெண்டையும் வெச்சி எடுத்துப் பாருங்க. எது நம்ம தோலுக்கு சரிப்படும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. அதை வாங்கிடலாம்."

"எனக்குக் கேமராவப் பத்தி இன்னா சார் தெரியும்? கல்யாணத்துல யாரோ என்னை எடுத்தாங்க, அவ்ளோதான்."

"கேமரா தெரிய வேணாம். ஷேடு தெரியும் இல்ல? அது போதும்."

திங்கட்கிழமை இரண்டையும் என் மேஜைக்குக் கொண்டுவந்தார். நான்தான் தேதியும் மணியும் வைத்துக் கொடுத்தேன். பிறகு அவர் அந்தக் கேமராக்களைச் சோதித்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரே தோல், ஒரே மேஜை, ஒரே டியூப்லைட். முதலில் கருப்பு, பிறகு வெள்ளி. அதே தோலை வெளியே எடுத்துப்போய் வெயிலில் ஒருமுறை, ஷெட் நிழலில் ஒருமுறை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் மணி போட்டு எழுதினார். தினமும் பிற்பகலில் கேமராக்களை என்னிடம் கொடுப்பார். நான் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

"வெள்ளி பாரு, டியூப்லைட்ல எடுத்தா டேன் கலரைப் பச்சை அடிச்ச மாதிரி காட்டுது. இத ஜெர்மனிக்காரன் பார்த்தா பூஞ்சை புடிச்சிடுச்சின்னு சொல்லுவான்."

கருப்பு நிறத்தை ஒழுங்காகக் காட்டியது, ஆனால் மிகக் கிட்டே போனால் கலங்கியது. பூப் படம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டு எடுத்தால் சரியாக வந்தது. வெள்ளியில் இன்னொரு பேஜார்: பொத்தானை அழுத்தினால் உடனே எடுக்காது. ஒரு மூச்சு விட்டு, யோசித்து, அப்புறம்தான் 'க்ளிக்'. அசையாமல் கிடக்கிற தோலுக்குப் பரவாயில்லை. நாற்பது படத்துக்குள் பேட்டரியும் தீர்ந்துவிடும். பேட்டரியை மாற்றினால் நான் வைத்துக் கொடுத்த தேதி, மணி இரண்டும் போய்விடும். மறுபடி 2004 ஜனவரி ஒன்று, மணி பூஜ்யம் என்று ஆரம்பித்து ஓடும். அந்தத் தேதியும் மணியும் படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் விழும். கருப்புக் கேமரா படத்தின் மேல் எதையும் எழுதாது. எடுத்த நேரம் ஃபைலுக்குள் இருக்கும், கம்ப்யூட்டரில் போட்டால் காட்டும்.

புதன்கிழமையே அவர் மனதில் முடிவாகிவிட்டது. "கருப்புதான். வெயில்ல மட்டும் நாளைக்கு ஒரு தரம் பார்த்துட்டு எழுதிடறேன்."

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்து இரண்டு கேமராவையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். தோல் காயப் போடும் இடத்தைத் தாண்டினால் கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டி. கிணறு மாதிரி ஆழமானது, மேலே இரும்பு மூடி. அடியில் சேறு கட்டிக்கொண்டால் ஆள் இறங்கி வாளியில் அள்ளுவார்கள். அந்த வேலையைச் செய்கிறவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். அன்று வேலாயுதமும் கோதண்டராமனும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு நின்றிருந்தார்கள்.

வேலாயுதம் மாதனூர் பக்கத்து ஊர்க்காரர். முப்பத்தாறு வயது, ஓயாமல் பேசுவார். அக்கா கையில் கேமராவைப் பார்த்ததும் விடவில்லை.

"எக்கா, தோலையே எடுத்துக்கினு இருக்கீங்களே. மனுசனையும் ஒண்ணு எடுங்க."

"நில்லு. வெயில் பக்கம் திரும்பு."

கருப்புக் கேமராவில் முகத்திலிருந்து கால் வரை வருகிற மாதிரி ஒன்று எடுத்தார். உடனே வெள்ளியில் அதே மாதிரி இன்னொன்று. பொத்தானை அழுத்தினார். வெள்ளி யோசித்தது. அதற்குள் வேலாயுதத்துக்குப் பின்னால், தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ரத்தினசாமி சாரின் குரல் கேட்டது: "இன்னும் இன்னாய்யா நின்னுக்கினு இருக்கீங்க? நாளைக்கு இன்ஸ்பெக்ஷன். எறங்கு, எறங்கு." வேலாயுதம் திரும்பிவிட்டார். அப்புறம்தான் 'க்ளிக்' என்றது.

அக்கா அந்தப் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. கெட்டுப்போன படம் என்று விட்டுவிட்டார். ஷெட்டுக்குள் இரண்டு தோலை எடுத்து முடித்து, இரண்டு மணிக்குக் கேமராக்களை என் மேஜையில் வைத்தார். நான் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் கூச்சல் கேட்டது.

வேலாயுதம் ஏணியில் பாதி இறங்கியதும் கை விட்டுப்போய் விழுந்திருக்கிறார். அவரைத் தூக்க இறங்கிய கோதண்டராமனும் விழுந்தார். மூன்றாவதாக இறங்கப் போனவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து இரண்டு பேரையும் வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. விஷவாயு என்றார்கள். முகமூடி இல்லை, இடுப்பில் கயிறு இல்லை, காற்றடிக்கிற மெஷின் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தது.

மறுநாள் காலையில் ரத்தினசாமி சார் என் ரூமுக்கு வந்து இரண்டு கேமராவையும் எடுத்துக்கொண்டார். டீலரின் ஆள் வெளியே காத்திருந்தார். "கார்டுல இருக்கறத அழிச்சிட்டுக் குடுத்துடறேன்" என்றார். நான் படங்களை ஏற்கனவே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. தோலைத்தான் எடுத்திருப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அக்கா அன்றே அறிக்கை எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியபடியே கம்பெனி கருப்புக் கேமராவை வாங்கியது.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. கம்பெனி சொன்னது இதுதான்: தொட்டியில் இறங்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. இரண்டு பேரும் குடித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தாங்களாகவே மூடியைத் திறந்திருக்கிறார்கள். மேனேஜர் பன்னிரண்டு மணிக்கே வாணியம்பாடி போய்விட்டார், வண்டி ரிஜிஸ்டரில் இருக்கிறது.

அக்காவுக்கு உண்மை தெரியும். அவர் காதால் கேட்டவர். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதை மறைத்து அவரை இங்கே பெரிய ஆளாகக் காட்ட எனக்கு மனமில்லை. பத்து நாள் அவர் வந்தார், தோல் பிரித்தார், போனார். மதியம் என் ரூமுக்கு வந்து டப்பாவைத் திறந்து, மூடி வைத்துவிடுவார். வீட்டில் கிறிஸ்துராஜ் அண்ணன் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: "ஃபீபிக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

பதினோராம் நாள் துக்கம் கேட்க மாதனூர் பக்கம் போனார். வேலாயுதத்தின் மனைவி அமிர்தவள்ளி இரண்டு பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். பதினாறாம் நாளுக்கு மாலை போட வீட்டில் ஒரு படம் இல்லை. ஓட்டர் கார்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கினால் யாரென்றே தெரியவில்லை. "ஒரு போட்டோகூட எடுத்து வெச்சிக்காத மனுசன்" என்று அவர் அழ, அக்கா அங்கேயே எழுந்துவிட்டார்.

மறுநாள் என்னிடம் வந்தார். "அந்தப் படம் இருக்குதா?"

இருந்தது. நான் யாரும் பார்க்காத நேரத்தில் அவர் எடுத்த இரண்டையும் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தேன். அப்போது நானும் வெள்ளிக் கேமரா படத்தை நன்றாகப் பார்க்கவில்லை. சின்னச் சதுரமாக ஒரு முதுகு தெரிந்தது, அவ்வளவுதான்.

பஜாரில் அப்துல் கஃபார் என்று ஒரு பாய் கலர் லேப் வைத்திருந்தார். அக்கா சிடியைக் கொடுத்து, முகம் தெரிகிற படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார். பாய் இரண்டையும் திரையில் பக்கத்து பக்கத்தில் திறந்தார். இடது பக்கம் வேலாயுதம் சிரித்துக்கொண்டிருந்தார். பல்லில் வெயில் பட்டது. வலது பக்கம் அவர் முதுகு, அதைத் தாண்டித் திறந்த மூடி, ஏணியின் இரண்டு கால், ஏணிக்கு அந்தப் பக்கம் கையைக் கீழே நீட்டிக்கொண்டு ஒருவர். அக்கா கெட்டுப்போன படம் என்று நினைத்ததில் அவர் முகம் தெளிவாக விழுந்திருந்தது.

"இன்னாம்மா இது? கை காட்டறது உங்க மேனேஜர் இல்ல?" என்றார் பாய்.

அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"வாணியம்பாடி போய்ட்டாருன்னு பேப்பர்ல போட்டிருந்தானே."

"ரெண்டையும் போட்டுக் குடுங்க பாய்," என்றார் அக்கா.

பின்னாளில் அவர் என்னிடம் சொன்னார்: "காதுல கேட்டத எப்படியாவது மறந்துடலாம்னு இருந்தேன் கெசியா. ஆனா அது படமா வந்து நின்னுடுச்சி. இருபது தோலுக்கு நடுவுல ஒரு கீறலப் பார்த்துட்டா என்னால அத முதல் தரத்துல போட முடியாது. அந்த மாதிரிதான்." இதற்கு மேல் அவர் தன் செயலுக்கு விளக்கம் எதுவும் சொன்னதில்லை.

சிரிக்கிற படத்தை அமிர்தவள்ளியிடம் கொடுத்தார். இன்னொன்றையும் சிடியையும் ஒரு கடிதத்தோடு வேலூருக்கு, இந்தச் சாவுகளை விசாரிக்க அரசு நியமித்திருந்த அதிகாரிக்கு அனுப்பினார். கிறிஸ்துராஜ் அண்ணனிடம் அனுப்பிய பிறகுதான் சொன்னார். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அதிலிருந்து மூன்று மாதம் அவர்கள் வீட்டில் பேச்சில்லை.

ஆகஸ்டில் விசாரணை, கம்பெனியின் மீட்டிங் ஹாலிலேயே நடந்தது. வந்த அதிகாரியுடன் டைப் அடிக்க ஆள் இல்லை. கம்பெனி என்னை உட்கார வைத்தது. அதனால் அன்று பேசிய ஒவ்வொரு வார்த்தையும் என் விரல் வழியாகத்தான் போனது.

கோதண்டராமனின் மனைவி முதலில் வந்தார். புருஷனுக்குக் குடிப்பழக்கம் உண்டு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவருக்குக் கம்பெனி ஏற்கனவே ஏதோ கொடுத்திருந்தது. மூன்று சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு தேவகிருபை அக்கா. கம்பெனி வக்கீல் போட்டோவைத் தூக்கிப் பிடித்தார்.

"இதுல இன்னா தேதி இருக்குது, படிங்க."

"ரெண்டாயிரத்து நாலு, ஜனவரி ஒண்ணு."

"மணி?"

"ரெண்டு நாப்பத்தேழு. காலையில."

"அதாவது விபத்துக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி, விடியறதுக்கு முன்னாடி. படத்துல பார்த்தா பட்டப்பகலா இருக்குது. இந்தப் படத்த நாங்க நம்பணுமா?"

ஹாலில் சிலர் சிரித்தார்கள். ரத்தினசாமி சார் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது பேட்டரி மாத்தினா தேதி போயிடற கேமரா," என்றார் அக்கா. அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, கஃபார் பாயிடம் வாங்கி வந்திருந்த அதே ரக வெள்ளிக் கேமராவைப் பையிலிருந்து எடுத்தார். பேட்டரியைக் கழற்றி, மறுபடி போட்டு, திரையைக் காட்டினார். 2004 ஜனவரி ஒன்று, பூஜ்யம் மணி.

வக்கீல் விடவில்லை. "சரி. தேதி தப்புன்னே வெச்சிப்போம். அப்போ இந்தப் படம் எந்த நாள்ல வேணா எடுத்திருக்கலாம், இல்லயா? உங்க படமே உங்களுக்கு உதவலயே."

அக்கா நோட்டை எடுத்தார். கேமராக்களைச் சோதித்தபோது மணி போட்டு எழுதிய அதே நோட்டு. அவர் பேசியதை நான் அப்படியே அடித்தேன்: "தேதிதான் சார் தப்பு. மணி ஓடறது தப்பில்ல. பேட்டரி போட்ட நிமிஷத்துல இருந்து அது எண்ணிக்கினே வருது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வெள்ளிக் கேமராவுக்குப் புது பேட்டரி போட்டேன்னு இதுல எழுதியிருக்குது. அதுக்கப்புறம் ரெண்டு மணி நாப்பத்தேழு நிமிஷம் ஓடியிருக்குது. கூட்டிப் பாருங்க."

அதிகாரி ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். "ஒண்ணு நாப்பத்தேழு," என்றார்.

"அதுக்கு முன்னாடி படம் கருப்புக் கேமராவுல எடுத்தது. அதோட மணிய யாரும் கலைக்கல. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க."

அதிகாரி சிடியை என்னிடம் நீட்டினார். நான் போட்டேன். ஃபைலுக்குள் இருந்த நேரத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். "2005, ஜூன் 16. மதியம் ஒண்ணு நாப்பத்தாறு."

"ரெண்டு படத்துலயும் அவன் சட்டைய பாருங்க சார்," என்றார் அக்கா. "இடது தோள்ல தண்ணி பட்ட எடம், அதே அளவு, அதே உருவம். அந்த வெயில்ல அது அஞ்சு நிமிஷம்கூட ஈரமா நிக்காது. நிழலும் ஒரே நீளம். இது ரெண்டும் ஒரே வேளையில எடுத்தது. நான் பதிமூணு வருஷமா தோல் பார்க்கறவ. இதுல எனக்குத் தப்பு வராது."

வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார். கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்து இந்த சிடியை எடுத்துக் கொடுத்தது யார்?

என் விரல் நின்றுவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானேதான் எடுத்தேன். கெசியா சாப்பிடப் போயிருந்துச்சி."

அவருக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடத் தெரியாது. அது எல்லோருக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பொய்யை டைப் அடித்தேன். எழுந்து நின்று நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ரத்தினசாமி சார் என்னைக் கூப்பிட்டு மிச்சமிருந்த எல்லாப் படத்தையும் அழிக்கச் சொன்னார். அதையும் செய்தேன்.

மூன்று வாரத்தில் அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. கண் பார்வை குறைந்துவிட்டதாகவும், தப்பான ஷேடு தோல்களை முதல் தரத்தில் போட்டதாகவும், அதனால் வேலையிலிருந்து நிறுத்துவதாகவும் எழுதியிருந்தது. அதை டைப் அடித்ததும் நான்தான். அவர் இரண்டு முறை படித்தார். "கண்ணா?" என்று மட்டும் கேட்டார். டப்பாவை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். ஜன்னலோர மேஜை ஒரு மாதம் காலியாக இருந்தது.

வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தார். ஆம்பூரில், வாணியம்பாடியில், ராணிப்பேட்டையில். முதல் நாள் வரச் சொல்வார்கள், இரண்டாம் நாள் ஆள் தேவையில்லை என்பார்கள். முதலாளிகள் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்தவர்கள். அடுத்த வருடம் கிறிஸ்துராஜ் அண்ணனையும் ஷூ யூனிட்டில் நிறுத்திவிட்டார்கள். அவர் பெங்களூருக்குப் போய் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஆனார். மாதத்துக்கு ஒருமுறை வருவார், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஃபீபி கடைசி வருடப் படிப்பைச் சபையார் உதவியில் முடித்தாள். வேலை கிடைத்ததும் வடக்கே போய்விட்டாள்.

அக்கா ஏஜெண்ட் மூலமாக வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைக்க ஆரம்பித்தார். இரண்டு ஊசி, மெழுகு நூல், தோலைப் பிடித்துக்கொள்ளத் தொடைகளுக்கு நடுவில் ஒரு கட்டை. ஒரு ஜோடி முடிப்பதற்குள் ஆள்காட்டி விரல் மடிப்பில் நூல் அறுத்துவிடும். அந்தத் தோல் எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது என்று தொட்டதுமே சொல்லிவிடுவார். தரம் பிரிக்காமல் கலந்து அனுப்புகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வார்.

அதிகாரியின் அறிக்கை பதினான்கு மாதம் கழித்து வந்தது. மேனேஜர் அந்த இடத்தில் இருந்தார், உத்தரவின் பேரில்தான் அவர்கள் இறங்கினார்கள் என்று அதில் இருந்தது. கோர்ட் தீர்ப்பு 2008-இல். இரண்டு குடும்பத்துக்கும் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். ரத்தினசாமி சாருக்கு அபராதம். அவர் அன்றே கட்டிவிட்டு, கோர்ட் வாசலிலிருந்தே காரில் ஏறிப் போனார். அதற்குள் வேறொரு கம்பெனியில் இன்னும் பெரிய பதவிக்குப் போயிருந்தார்.

நான் 2006-லேயே கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். தீர்ப்பு வந்த வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அக்காவைப் பார்க்கப் போனேன். நாற்பத்துநான்கு வயதுதான், தலை பாதி நரைத்திருந்தது. சிடி விஷயத்தை எடுத்தேன். "விடு கெசியா. ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். அதுல யாருக்கு இன்னா லாபம்?" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அமிர்தவள்ளியிடம் தீர்ப்பைச் சொல்ல வேண்டும், கூட வா என்றார். மதியம் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், வேலைக்குப் போயிருக்குது, நாலரைக்கு வந்துடும் என்றாள். தெருமுனை மரத்தடியில் நின்றோம்.

அமிர்தவள்ளி வந்தபோது நீல ஓவர்கோட் போட்டிருந்தார். அதன் பையில் எங்கள் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது. பின்பக்கம் கூட்டிப் பெருக்குகிற வேலையாம், தொட்டி இருக்கிற அதே பக்கம். ஆறு மாதமாகிறது, கான்ட்ராக்ட்தான்.

அக்கா தீர்ப்பைச் சொன்னார். அமிர்தவள்ளி கேட்டுக்கொண்டார். "வக்கீல் சொன்னாரு. பணம் வர்றப்ப வரட்டும்" என்றார். கதவைத் திறந்து எங்களை உள்ளே கூப்பிடவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எக்கா, கோச்சிக்காதீங்க. நீங்க செஞ்சத நான் மறக்கல. ஆனா இங்க வராதீங்க. நம்ம தெருவுலயே கம்பெனி ஆளுங்க நாலு பேர் இருக்காங்க. உங்ககூடப் பேசினேன்னு போய்ச் சொன்னா நாளைக்கே என்னை நிறுத்திடுவாங்க. பொண்ணுங்க ரெண்டும் படிக்குதுங்க."

"சரிம்மா," என்றார் அக்கா. "நான் வரல."

"கோச்சிக்கிட்டீங்களா?"

"இல்லம்மா. உள்ள போ. பிள்ளைங்க வந்துடும்."

மெயின் ரோட்டுக்கு நடந்தோம். ஆம்பூர் பஸ் வந்து நின்றது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கூட்டமாக இறங்கினார்கள். அதில் இரண்டு பேருக்கு அக்காவைத் தெரியும். பார்த்துவிட்டுப் பேசாமல் தாண்டிப் போனார்கள். உள்ளே இன்னும் நிறைய நீல ஓவர்கோட் தெரிந்தது. நான் ஏறப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அடுத்த பஸ்ல போகலாம்."

அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றோம்.